காலையில் அழுத அழுகை

வாசலில் நின்ற பல்சர் வண்டியைத்தான் முதலில் ஓரம் தள்ளச் சொன்னார்கள். அடுத்தது திண்ணையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகள். அப்புறம் கூடத்தில் கேமராவுக்குத் தட்டுப்பட்ட ஃபிரிட்ஜ். அதன்மேல் ஒரு பழைய சேலையைப் போர்த்தினார்கள். அம்மா பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போய் வர வேண்டும். "எங்க வீட்டுக்குள்ளயே பைப்பு இருக்குதுங்க சார்" என்று அவர் சொன்னதற்கு, கேமரா பிடித்த தம்பி, "பரவால்லம்மா, ஒரே ஒரு ஷாட்டுதான்" என்றாராம். அம்மாவும் நடந்தார். மகளுக்காக என்றால் எந்த அம்மாதான் நடக்கமாட்டார்?

கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் சின்னம்மா வீட்டுக்கு எதிர்வீடு அது. சேலம் நகரை ஒட்டி, சேர்வராயன் மலையடிவாரத்தில், ஏற்காடு சாலைப் பக்கம் இருக்கிற ஊர். அந்த வீட்டுப் பெண்ணுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரு தொலைக்காட்சியின் பாட்டுப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். எந்தத் தொலைக்காட்சி, எந்த ஆண்டு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். அவள் பெயரும் வேண்டாம். அவளைப் பற்றி ஒளிபரப்பான மூன்று நிமிடப் படம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

தொலைக்காட்சிக்காரர்கள் அதை 'ஏவி' என்கிறார்கள். போட்டியாளர் மேடைக்கு வருமுன் ஓடுகிற அறிமுகப் படம். பின்னணியில் புல்லாங்குழல், மெல்ல நகரும் காட்சிகள், கனிந்த குரலில் ஒரு வர்ணனை. எதிர்வீட்டுப் பெண்ணின் ஏவியில் அவள் அப்பா லாரி ஓட்டினார். ஓட்டுகிறார்தான். ஆனால் அந்த லாரி அவருடையது. கடன் வாங்கி வாங்கியது, கடனில் முக்கால்வாசி அடைந்துவிட்டது. ஏவியில் அந்தத் தகவல் இல்லை. லாரி கேபினில் அப்பா போட்ட பழைய பாட்டுகளைக் கேட்டே வளர்ந்த குரல் என்று வர்ணனை சொன்னது. அதுவும் மெய்தான். ஆனால் எட்டு வருடமாக, வாரத்துக்கு நான்கு நாள், விடிகாலையில் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்து அவளுக்குச் சரளி வரிசையிலிருந்து கீர்த்தனை வரை சொல்லிக்கொடுத்த பாட்டு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படக்குழு அவரையும் ஒரு மணி நேரம் படமெடுத்தது. அதற்காக அவர் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார்.

ஒளிபரப்பான இரவு தெருவே அந்த வீட்டில் கூடியிருந்தது. வாத்தியாருக்கு முன்வரிசை நாற்காலி. ஏவி ஓடி முடிந்தது. அவர் வரவில்லை. நடுவர் ஒருவர், "இது கடவுள் குடுத்த குரல்மா" என்றார். அரங்கமே எழுந்து நின்றது. வாத்தியாரும் கைதட்டினார். "நல்லா பாடுன கண்ணு" என்று போனில் அவளிடம் சொல்லிவிட்டு, எக்ஸெல்லைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

எடிட்டிங் என்றதும் இல்லாததைச் சேர்ப்பது என்றுதான் நமக்குத் தோன்றும். அந்த மூன்று நிமிடத்தில் சேர்த்தது என்று பார்த்தால் ஒரு குடமும் ஒரு சேலையும்தான். மீதி எல்லாம் எடுத்துவிட்டது. ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லாமல், இருப்பதில் நாலைந்தை உருவிவிட்டாலே வேறொரு ஆள் பிறந்துவிடுகிறார். லாரி உரிமையாளர் கூலியாள் ஆகிறார். எட்டு வருடச் சாதகம் கடவுள் கிருபை ஆகிறது.

வாத்தியாரை ஏன் வெட்டினார்கள் என்று நான் நிறைய நாள் யோசித்திருக்கிறேன். கற்றுக்கொண்டவள் பாடினால் அது உழைப்பு. கற்காதவள் பாடினால் அது அதிசயம். போட்டி நிகழ்ச்சிகளுக்கு அதிசயம்தான் வேண்டும். இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் அல்ல. 2007இல் பிரிட்டனின் 'பிரிட்டன்ஸ் காட் டேலன்ட்' நிகழ்ச்சியில் பால் பாட்ஸ் என்பவர் ஆபரா பாடி வென்றார். செல்போன் விற்கிற, கூச்ச சுபாவமுள்ள சாதாரண ஆள் என்றுதான் உலகம் அவரை அறிந்தது. அவர் அதற்கு முன்பே இத்தாலி போய்ப் பாட்டு கற்றவர், பாத் நகர ஆபரா குழுவின் மேடைகளில் பாடியவர். இரண்டு வருடம் கழித்து, 2009 ஏப்ரல் 11ஆம் தேதி, அதே மேடையில் சூசன் பாயில் வந்தார். அரங்கில் இருந்தவர்கள் முகம் சுளிப்பதும், அவர் வாய் திறந்ததும் அதே முகங்கள் மலர்வதும் உலகமெல்லாம் கோடிக்கணக்கான தடவை பார்க்கப்பட்டன. அவரும் பயிற்சியாளரிடம் குரல் பயின்றவர்தான். 1999இலேயே ஓர் அறநிதி இசைத்தட்டுக்காகப் பாடிப் பதிவு செய்தவர். எங்கள் வாத்தியாரைப் போலவே அவருடைய வாத்தியாரும் அந்த ஏழு நிமிடக் கதைக்குள் நுழைய முடியவில்லை.

தமிழில் 2018இல் விஜய் டிவியின் 'சூப்பர் சிங்கர்' ஆறாவது பருவத்தில் செந்தில் கணேஷ் வென்றதை நினைத்துப் பாருங்கள். அவரும் மனைவி ராஜலட்சுமியும் அதற்குப் பல வருடம் முன்பிருந்தே ஊர் ஊராகத் திருவிழா மேடை ஏறி நாட்டுப்புறப் பாட்டு பாடியவர்கள். மண்ணின் பாட்டு தொலைக்காட்சியின் பெரிய மேடையில் முதல் பரிசு வாங்கியதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. இன்றும் அப்படித்தான். ஆனால் அவர்களைத் தொலைக்காட்சி 'கண்டுபிடித்தது' என்று யாராவது சொல்லும்போது, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்திலும் டியூப்லைட் வெளிச்சத்திலும் விடியவிடிய உட்கார்ந்து அவர்களைக் கேட்ட ஊர்க்காரர்களின் காது கணக்கில் வராமல் போகிறதே என்று வலிக்கிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 2016இல் ஐந்தாவது பருவத்தை ஆனந்த் அரவிந்தாக்‌ஷன் வென்றபோது, அவர் ஏற்கெனவே சினிமாவில் பாடியவர் என்ற விவரம் வெளியே பரவி, தங்களிடம் மறைத்துவிட்டதாகப் பார்வையாளர்கள் கொதித்தார்கள். பாடிய அனுபவம் என்பது ஒரு பாடகருக்குப் பெருமை. புதுமுகக் கதையையே பார்த்துப் பழகியவர்களுக்கு அதுவே குற்றமாகிவிட்டது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பாட்டு ஒன்றரை நிமிடம். ராகம் தெரிந்து கேட்பவர்கள் கொஞ்சம் பேர். சுருதி விலகியதா இல்லையா என்பது தெரியாத கோடிப் பேர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இருபது போட்டியாளரில் ஒருவரைத் தன் பிள்ளையாக நினைத்தால்தான் அவர்கள் அடுத்த வாரமும் வருவார்கள், ஓட்டும் போடுவார்கள். அதற்குக் கதை வேண்டும். என் சின்னம்மா கதை பார்த்துத்தான் ஓட்டுப் போடுவார். நானும் போட்டிருக்கிறேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டிருக்கிறேன். 'இந்தியன் ஐடல்' நிகழ்ச்சியின் முதல் பருவத்தை 2005இல் வென்ற அபிஜித் சாவந்த், 2021இல் ஒரு பேட்டியில் இதை வெளிப்படையாகப் போட்டு உடைத்தார். போட்டியாளருக்குப் பாட வருமா என்பதைவிட, ஷூ பாலிஷ் போட வருமா, எவ்வளவு ஏழை என்பதில்தான் இப்போது தயாரிப்பாளர்களுக்கு அக்கறை என்றார். அந்த வீட்டுக்குள்ளேயே இருந்து வந்தவர் சொன்ன பேச்சு அது.

எதிர்வீட்டுப் பெண் நிரப்பிய விண்ணப்பப் படிவத்தைப் பற்றி அவள் சொன்னது மனசில் நிற்கிறது. பாட்டைப் பற்றிக் கேள்விகள் ஒரு பக்கம். வாழ்க்கையைப் பற்றிக் கேள்விகள் மூன்று பக்கம். நீங்கள் இழந்தவர் யார், வீட்டில் யாருக்காவது நோய் உண்டா, உங்களைக் கேலி செய்தவர்கள் உண்டா. "எங்க பாட்டி செத்ததை எழுதினேன்ணா. வேற எதுவும் பெருசா இல்ல. ஒண்ணும் இல்லைன்னு எழுதினா எடுக்க மாட்டாங்களோன்னு பயமா இருந்துச்சு" என்றாள். துக்கம் இல்லாத பிள்ளை, தன் வாழ்க்கையில் துக்கத்தைத் தேடிப்பிடித்து எழுத வேண்டி வந்ததே என்று அன்றைக்கு எனக்குப் பேச்சு வரவில்லை.

கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போகும் போதெல்லாம் நான் ஒரு வளைவைப் பார்ப்பேன். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு. திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய நிறுவனம். நூற்றுக்கும் மேல் படங்கள். மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் இங்கிருந்துதான் போனது. 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' இங்கிருந்துதான் வண்ணமாக வந்தது. இன்று மிஞ்சியது வளைவு மட்டும். சென்னையை விட்டுவிட்டு, சேலத்தில், மலையடிவாரத்தில், படச்சுருளைக் கத்தரித்து ஒட்டிக் கதை சொன்ன ஊர் இது. வெட்டி ஒட்டுவது எங்களுக்குப் புதிதில்லை.

அந்த வளைவைத் தாண்டும்போது வில்லன் நடிகர் நம்பியார் ஞாபகம் வரும். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'மந்திரி குமாரி'யில் ராஜகுருவாக வந்து சூழ்ச்சி செய்தார். பின்னால் எத்தனையோ படங்களில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கொட்டகையில் அவரைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றிய பாட்டிமார், அதே நம்பியார் சபரிமலைக்கு வருடம் தவறாமல் போகிற குருசாமி என்று கேட்டபோது கையெடுத்துக் கும்பிட்டார்கள். அவர்களுக்குக் குழப்பம் வரவில்லை. ராஜகுரு வேறு, நம்பியார் வேறு. நடுவில் ஒரு வேஷப் பெயர் இருந்தது. எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் இரவெல்லாம் துரியோதனனாக உறுமியவர் விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு டீக்கடை பெஞ்சில் நம்மோடு உட்காருவார். ரியாலிட்டி நிகழ்ச்சியில் வேஷப் பெயர் கிடையாது. வெட்டி ஒட்டி உருவாக்கிய பாத்திரத்துக்கும் உயிரோடு இருக்கிற ஆளுக்கும் ஒரே பெயர், ஒரே முகம், ஒரே வீட்டு விலாசம். கழுவ அரிதாரம் இல்லை.

இதை நான் முழுசாக உணர்ந்தது ஜூலியைப் பார்த்தபோது.

'பிக் பாஸ்' தமிழ் 2017 ஜூன் 25ஆம் தேதி தொடங்கியது. நெதர்லாந்தில் 1999இல் பிறந்த 'பிக் பிரதர்' நிகழ்ச்சியின் தமிழ் வடிவம். கமல்ஹாசன் தொகுப்பாளர். சினிமா முகங்களுக்கு நடுவே மரியா ஜூலியானா என்ற ஜூலியும் உள்ளே போனார். செவிலியர் படிப்பு படித்தவர். அந்த ஆண்டு ஜனவரியில் மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் உரக்கக் கோஷமிட்டு நாடு முழுக்க அறிமுகமானவர். ஜனவரியில் அவரை வீரத் தமிழச்சி என்று கொண்டாடினோம். ஆகஸ்டுக்குள் அவர் பெயரைக் கேட்டாலே திட்டினோம். நடுவில் நடந்ததில் முக்கியமானது ஒரு 'குறும்படம்'. சக போட்டியாளர் ஓவியாவைப் பற்றி ஜூலி சொன்னதற்கும் நடந்ததற்கும் பொருத்தமில்லை என்று காட்ட, பதிவான காட்சியைக் கமல் எல்லோர் முன்னிலையிலும் போட்டுக் காட்டினார். அன்றிலிருந்து குறும்படம் என்ற சொல்லுக்கே தமிழ்நாட்டில் பொருள் மாறிவிட்டது. கணவன் மனைவி சண்டையில்கூட "குறும்படம் போடட்டுமா?" என்கிறார்கள்.

ஜூலி அன்று சொன்னது சரி என்று வாதாட நான் வரவில்லை. அவர் பேச்சு பிசகியது, பதிவில் தெரிந்தது. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்த வீட்டில் இருந்தவர்கள் எல்லோருமே நூறு நாளில் எத்தனை முறை ஒன்றைக் கூட்டிச் சொல்லியிருப்பார்கள், மாற்றிச் சொல்லியிருப்பார்கள்? எந்தப் பொய்க்குக் குறும்படம், எந்தப் பொய்க்கு மௌனம் என்று தீர்மானிக்கிறவர் யார்? குறும்படம் உண்மையைக் காட்டியது. எந்த உண்மையைக் காட்டலாம் என்ற தேர்வு மட்டும் நமக்குக் காட்டப்படவில்லை. ஜூலியின் அந்த ஒரு பேச்சே ஜூலி ஆகிவிட்டது. அவர் செவிலியர் என்பதும், மெரினாவில் இரவு பகலாக நின்றவர் என்பதும் அதற்குள் மூழ்கிப்போயின. எந்த ஓவியாவுக்காக நாம் ஜூலியைத் திட்டினோமோ, அந்த ஓவியாவும் அந்த ஆகஸ்டிலேயே தாங்க முடியாத மன அழுத்தத்தோடு வெளியேறினார். 'ஓவியா ஆர்மி' என்று படை திரட்டிய நாம் அந்த அழுத்தத்தையும் ஒரு மணி நேர நிகழ்ச்சியாக உட்கார்ந்து பார்த்தோம்.

2022 ஜனவரியில் அதே நிகழ்ச்சியின் ஓடிடி வடிவமான 'பிக் பாஸ் அல்டிமேட்' தொடங்கியபோது ஜூலி மறுபடி அந்த வீட்டுக்குள் போனார். பலர் விளம்பர ஆசை என்றார்கள். எனக்கு வேறு மாதிரி பட்டது. தன்னைப் பற்றி ஊர் வைத்திருக்கும் கதையை மாற்ற வேண்டுமென்றால், அந்தக் கதை எழுதப்பட்ட மேசைக்கே திரும்பப் போவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஐந்து வருடம் கழித்தும்.

இந்த மேசையில் எவ்வளவு துணி வெட்டப்படுகிறது என்று ஒரு கணக்குப் போட்டால் தலை சுற்றும். அறுபது கேமரா என்று பிக் பாஸ்காரர்களே விளம்பரத்தில் சொல்லிக்கொண்டது உண்டு. அறுபது கேமரா இருபத்துநான்கு மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 1,440 மணி நேரக் காட்சி. நமக்கு வருவது விளம்பரத்தோடு சேர்த்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். ஆயிரத்தில் ஒரு பங்கு. இதில் எதை எடுத்தாலும் உண்மைதான். எதை எடுக்காவிட்டாலும் யாருக்கும் தெரியாது. காலையில் நான்கு பேருக்குத் தோசை வார்த்துக் கொடுத்தவர், மாலையில் ஒரு தடவை கத்தினார் என்று வையுங்கள். தோசையை எடுத்துவிட்டால் அவர் கோபக்காரர். கத்தலை எடுத்துவிட்டால் அவர் தாய்மனசுக்காரர். இரண்டுக்கும் தனித்தனி பின்னணி இசை தயாராக இருக்கிறது.

ரியாக்‌ஷன் ஷாட் என்று ஒன்று உண்டு. ஒருவர் பேசும்போது இன்னொருவர் முகத்தைக் காட்டுவது. அந்த முகம் அந்த நொடியில் எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கொட்டாவிக்கு வாய் திறக்கப்போன முகத்தை ஏளனமாக்கலாம். கண்ணில் தூசி விழுந்து துடைத்ததை உருக்கமாக்கலாம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு படி மேலே போய், ஒருவர் வெவ்வேறு நாளில் பேசிய வார்த்தைகளை எடுத்து ஒரே வாக்கியமாக ஒட்டுவார்கள். வெவ்வேறு உடல்களை ஒட்டி உயிர் கொடுத்த ஃபிராங்கன்ஸ்டைன் கதையை வைத்து, தொழிலில் அதற்கு 'ஃபிராங்கன்பைட்' என்றே பெயர். பேசுகிறவரின் முகம் திரையில் தெரியாமல் குரல் மட்டும் வரும் இடங்களில் காதைக் கூர்மையாக்கிக் கேளுங்கள். எல்லாவற்றையும்விட ப்ரோமோதான் கொடுமை. மதியம் வருகிற முப்பது நொடி ப்ரோமோவில் ஒருவருக்கு வில்லன் பட்டம் கட்டிவிடுகிறார்கள்; இரவில் முழுக்காட்சி வரும்போது விஷயம் வேறாக இருக்கும். அதற்குள் ஊர் பூரா மீம் போட்டு முடித்திருக்கும்.

2022 அக்டோபரில் தொடங்கிய 'பிக் பாஸ்' தமிழின் ஆறாவது பருவத்தை ஓடிடியில் இருபத்துநான்கு மணி நேரமும் நேரலையாகப் பார்க்க முடிந்தது. அதில் ஒரு நல்லது நடந்தது. பகலில் லைவ் பார்த்தவர்கள், இரவு எபிசோடு வந்ததும், "இதுக்கு முன்னாடி அவங்க என்ன சொன்னாங்கன்னு காட்டவே இல்லையே" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வேலைக்குப் போகாத வயதான பெண்கள், கைவேலை செய்துகொண்டே போனை ஓடவிட்டவர்கள், எடிட்டரைக் கேள்வி கேட்டார்கள். தமிழ்நாட்டில் சாதாரண மக்கள் படத்தொகுப்பைப் பற்றி இவ்வளவு பேசியது வேறெப்போதும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதே பருவத்தில் போட்டியாளர்கள் தங்கள் வாழ்க்கைக் கதையைச் சொல்லும் ஒரு டாஸ்க் வைத்தார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் பஸ்ஸர் அழுத்தி அந்தக் கதையை நிறுத்திவிடலாம். கண்ணீரோடு ஒருவர் தன் பிள்ளைப்பருவத்தைச் சொல்லும்போது பஸ்ஸர் ஒலிக்கும். வழக்கமாக மூடிய அறைக்குள் நடக்கும் வெட்டு வேலையைத்தான் அன்று நம் கண்முன்னே கூடத்தில் வைத்துச் செய்தார்கள் என்று எனக்குத் தோன்றியது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. டிவியை அணைத்தேன்.

ஒரு கதை எதுவரை போகும் என்பதற்கு ஜப்பானில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. 'டெரஸ் ஹவுஸ்' என்ற நிகழ்ச்சியில் ஹனா கிமுரா என்ற மல்யுத்த வீராங்கனை கலந்துகொண்டார். வயது 22. அவருடைய மல்யுத்த உடையை உடன் தங்கியிருந்தவர் கவனக்குறைவால் பாழாக்கிவிட, அவர் கோபத்தில் அந்த இளைஞரின் தொப்பியைத் தட்டிவிட்டார். அந்தக் காட்சி ஒளிபரப்பானதும் சமூக ஊடகத்தில் வசைமழை. 2020 மே 23ஆம் தேதி அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. ஒளிபரப்பு நெறிமுறைகளைக் கவனிக்கும் அந்நாட்டு அமைப்பு 2021 மார்ச்சில், இதில் நெறிமுறைச் சிக்கல் இருந்தது என்று முடிவு சொன்னது. இணையத்தில் ஒருவரை இழிவுபடுத்துவதற்கான தண்டனையை ஜப்பான் 2022இல் கடுமையாக்கியது. பிரிட்டனில் ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் கலந்துகொண்டவர்களின் மரணங்கள் நாட்டை உலுக்கிய பிறகு, ஒளிபரப்பைக் கண்காணிக்கும் 'ஆஃப்காம்' 2021 ஏப்ரலிலிருந்து ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பங்கேற்பவருக்கு நிகழ்ச்சியால் பெரும் கேடு வரக்கூடும் என்றால், அவர் நலனுக்கு நிறுவனம் தகுந்த கவனம் எடுத்தாக வேண்டும். சம்மதம் வாங்கும்போதே அந்த ஆபத்தை அவரிடம் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் 2019 ஜூனில் ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஓர் அறிவுரை வெளியிட்டது. நடனப் போட்டிகளில் சின்னக் குழந்தைகளைப் பெரியவர்களைப் போல ஆட வைப்பதைப் பற்றியது அது. தேவையான அறிவுரை. உடலைப் பற்றிப் பேசியது. குழந்தையின் கதையைப் பற்றிப் பேசவில்லை. ஏழு வயசுப் பிள்ளையிடம் மேடையில் வைத்து, "அப்பா இருந்திருந்தா இன்னைக்கு என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டு, அது உதடு பிதுங்க அழும்வரை கேமரா நகராமல் நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆட்டத்தைவிட அது எனக்கு அதிகம் உறுத்துகிறது.

கதையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு சிறுமி 2023இல் ஜீ தமிழின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' மேடைக்கு வந்தாள். அவளை வைத்துத்தான் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் மலையகத் தமிழர் யார் என்ற பேச்சே முதல் தடவையாக எழுந்தது. பாடப்புத்தகம் செய்யாததை ஒரு பாட்டுப் போட்டி செய்தது. கதைக்கு அந்தச் சக்தி உண்டு. அந்தச் சக்தி இருப்பதால்தான் அதைக் கையாள்கிறவர்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது: ஒளிபரப்புவதற்கு முன் அந்த ஏவியைச் சம்பந்தப்பட்டவருக்கு ஒரு தடவை போட்டுக் காட்டினால் என்ன? "எங்க வாத்தியார் எங்கே சார்?" என்று கேட்க அவளுக்கு ஒரு நிமிடம் கொடுத்தால் என்ன? எதிர்வீட்டு அப்பா கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருபது பக்கம், முழுக்க இங்கிலீஷ். லாரிக்கு எஃப்.சி. வாங்கவும் டோல்கேட்டில் வாதாடவும் தெரிந்த மனுசன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார். தமிழ் நிகழ்ச்சிக்குத் தமிழில் ஒப்பந்தம் கொடுப்பது கஷ்டமான காரியமா?

எங்கள் மாவட்டத்தில் பெரியவடகம்பட்டி என்றொரு ஊர் இருக்கிறது. மாரியப்பன் தங்கவேலுவின் ஊர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றவர். அவர் அம்மா காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியதை எல்லாப் பத்திரிகையும் எழுதியது. நாங்களும் எழுதினோம். அதில் யாருக்கும் மனக்குறை வரவில்லை. அவர் தாண்டியது 1.89 மீட்டர். அம்மா காய்கறி விற்றாலும் அதே 1.89, வைரம் விற்றாலும் அதே 1.89. அந்தக் கம்பியின் உயரத்தைக் கண்ணீர் ஒரு சென்டிமீட்டர்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கதை பின்னால் வந்தது. அவருடைய பயிற்சியாளரின் பெயரும் கூடவே வந்தது. பாட்டுப் போட்டியிலும் சமையல் போட்டியிலும் அப்படி ஒரு கம்பி கிடையாது. அளவுகோலின் இடத்தில் கதையே உட்கார்ந்துகொள்கிறது. அதனால்தான் அங்கே கதையைத் திருத்துவது போட்டியையே திருத்துவதாகிறது.

எதிர்வீட்டுப் பெண் ஐந்தாவது வாரம் வெளியேறினாள். பெரிய வருத்தமில்லை என்றாள். வருத்தம் வேறு பக்கமிருந்து வந்தது. மேச்சேரி பக்கம் லோடு ஏற்றப் போன அப்பாவிடம் முன்பின் தெரியாத ஒருவர், "உங்க பொண்ணைப் பார்த்தேங்க, மனசு தாங்கல. நம்பர் சொல்லுங்க, ஏதாவது போட்டு விடறேன்" என்றிருக்கிறார். நல்ல மனசோடுதான் கேட்டார். அப்பா லாரியைக் காட்டி, "இது என்னுதுதாங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர் நம்பவில்லை. அதே கதையை அப்பா அன்று இரவு வீட்டில் இரண்டு தடவை சொன்னாராம். மூன்றாவது தடவை சொல்ல வந்து, பாதியில் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். அம்மா அந்தப் பித்தளைக் குடத்தைப் பரண்மேல் போட்டுவிட்டார்.

வாத்தியார் மறுவாரமே வழக்கம்போல வந்தார். டிவி பேச்சை எடுக்கவில்லை. "காலம் ரெண்டாவதுல இழுக்குது, பாரு" என்று மட்டும் சொன்னாராம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். எதிர்வீட்டுத் திண்ணையில் ஆறேழு பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் இப்போது தெருப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறாள். சுருதி போனிலிருந்து வந்துகொண்டிருந்தது. வாசலில் பல்சர் நின்றது. பிள்ளைகளில் ஒன்று, ஆறு வயதிருக்கும், பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டது:

"அக்கா, டிவில ஜட்ஜ் நல்லா பாடறேன்னு சொன்னதும் நீ ஏங்க்கா அழுத?"

"அது அப்ப அழுவல கண்ணு. அன்னைக்குக் காலையில பாட்டியப் பத்திக் கேட்டாங்க, அப்ப அழுதது" என்றாள் அவள். தொடையில் தாளம் தட்ட ஆரம்பித்தாள். "மூணாவது வரிசை. ரிஷபத்தை விடாம புடி. எடு."